கஸ்தூரியின் ரிப்போர்ட்டில் நான் எழுதாத வரி

போன வாரம் காலை எட்டரை மணி இருக்கும். இட்லிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டுத் துணியை நனைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. மேற்கு மாம்பலத்தில் நான் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து ஷர்மிளா. நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்.

"அக்கா, ஒரு சாம்பிள்ல டியூப் ஓரமா மணல் மணலா ஒட்டிட்டு இருக்கு. நான் சரியா கலக்கலை போல. பேஷண்ட்டைக் கூப்பிட்டு வேற எடுத்துடவா?"

"அதைத் தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். "தூக்கிப் போட்டுடாதே. அந்த ஆள் இன்னும் அங்கதான் இருக்காங்களா? விரலைப் பாத்தியா? காதைப் பாத்தியா?"

"ஏங்க்கா கத்துறீங்க? இப்பல்லாம் மெஷினே எச்சரிக்கை போட்டுடும். ரிப்போர்ட்ல தானா வந்துடும்."

வந்துவிடும்தான். இப்போது வந்திருக்கும் மெஷின் என்னைவிட நேர்மையானது. சந்தேகம் வந்தால் சிவப்பில் எழுதிவிடுகிறது. யாரிடமும் திட்டு வாங்குவோம் என்ற பயம் அதற்குக் கிடையாது. நான் ஏன் கத்தினேன் என்று ஷர்மிளாவுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எங்கே ஆரம்பித்தேன் என்பதே எனக்கு மறந்து போயிற்று. "அந்த ஆளை மட்டும் போகவிடாதே, டாக்டரைக் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நடந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. இன்னும் பாதி எனக்கு விளங்கவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. சாந்தோமில் பிறந்து சாந்தோமிலேயே இருப்பவள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். என்னையும் டீச்சராக்கப் பார்த்தார். பிள்ளைகளைக் கட்டி மேய்க்க எனக்குப் பொறுமை இல்லை. டிப்ளமோ முடித்து, கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து எடுக்கிற காலத்தில் இந்த வேலைக்கு வந்தேன். முதல் இரண்டு வருஷம் டியூப் கழுவினேன், மூன்றாவது வருஷம் ஊசியைக் கையில் கொடுத்தார்கள். படிப்புக் கதை அவ்வளவுதான்.

ஊசி போட எனக்கு நல்ல கை. குழந்தைகள்கூட அழாது. "ஸ்டெல்லா சிஸ்டர் இருக்காங்களா? அவங்க வந்தா எடுத்துக்கறோம்" என்று காத்திருந்தவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் லேப் மாடியில். முன்னால் ஹால், அதில் பத்து நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. அங்கேதான் ரத்தம் எடுப்போம். உள்ளே சின்ன அறையில் மெஷின். மெஷினுக்குச் சூடு ஆகாது என்று அந்த அறைக்கு மட்டும் ஏசி. ஏழு மணி முதல் பத்து மணிவரை ஹாலில் ரத்தம் எடுப்பேன். அப்புறம் டியூப்களை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஆள் வெளியே, அவர் ரத்தம் உள்ளே. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. அது ஒரு குறை என்று எங்களில் யாருக்கும் தோன்றியதும் இல்லை.

ரத்தம் எடுத்து மூடி போட்டவுடன் டியூபை மெதுவாக எட்டு தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் மருந்து கலந்தால்தான் ரத்தம் உறையாமல் இருக்கும். அவசரத்தில் விட்டுவிட்டால் கட்டி கட்டியாகிவிடும். எங்கள் டாக்டர் கோமளா பக்கத்தில் நின்றால் அந்த எட்டையும் எண்ணுவார்.

டாக்டர் பதினோரு மணிக்கு வருவார். கைப்பையை வைப்பார், கை கழுவுவார், மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைப்பார். மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தால் ஒரு மணிவரை நிமிர மாட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எது நடந்தாலும் ஒரே கேள்விதான்: "நீ என்ன பாத்தே?" நாம் நினைத்ததைச் சொல்ல வாயெடுத்தால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். "அதை நான் நெனச்சுக்கறேன். நீ பாத்ததைச் சொல்லு."

மெஷினில் எண்கள் கோணலாக வந்து ஒரு சாம்பிளை மறுபடி ஓட்டினால், ஏன் ஓட்டினோம் என்று ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி எழுதவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அந்த வரி இருந்தால் அவரே ஸ்லைடு போட்டுப் பார்ப்பார். ஒருமுறை ஒரு பெரியவரின் ரத்தம் கட்டியாகிவிட்டது. ஒழுங்காக எழுதினேன். டாக்டர் அந்த டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஹாலில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "ஸ்டெல்லா, இது அவர் ரத்தம் பண்ணின காரியம் இல்லே. உன் கை பண்ணின காரியம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மானமே போயிற்று. அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன். இனிமேல் கட்டி என்று ஒன்று வந்தால் அது டாக்டர் கண்ணுக்குப் போகாது என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

கஸ்தூரி வந்தது அதற்குப் பிறகுதான். முப்பத்து நாலு வயது. சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையில் பிறந்தவள். அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றியபோது கூடவே போனவள். இரண்டு பஸ் மாறி தி.நகரில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்கு வருவாள். காலையில் கடையில் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு, ரயில்வே ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, வெயிலில் நடந்து, பத்து மணிக்குக் கடைசி ஆளாக எங்களிடம் வந்து சேருவாள்.

"உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.

"தெர்லக்கா. கடைக்குள்ள நின்னுகினு இருந்தா ஒரு மணி நேரத்துல கை கால்ல ஜீவனே பூடுது. விரலு மரத்துப் பூடுது, மூச்சு வாங்குது. வெளிய வந்து வெயில்ல நின்னா சரியாப் பூடும். இன்னா எழவுன்னே புரியல."

விரலைக் காட்டச் சொன்னேன். பாலத்து வெயிலில் வந்த விரல் எப்படி இருக்கும்? "நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"அதான்க்கா. யாரு பாத்தாலும் நல்லாத்தான் கீது."

உள்ளே போய் டியூபை எடுத்தால் கண்ணாடி ஓரமெல்லாம் சிவப்பு மணல். மெஷினில் ஓட்டினேன். எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. உயிரோடு நடந்து வந்த ஆளுக்கு வரக்கூடிய எண்களே இல்லை. சேசுவே, கலக்காமல் விட்டுவிட்டேனா? எட்டு எண்ணினேனே! மணி பத்தே முக்கால். டாக்டர் வரும் நேரம். உடம்புச் சூட்டில் தண்ணீர் வைத்திருக்கும் தொட்டி ஒன்று உண்டு. அதில் டியூபை இறக்கி வைத்தேன். கால் மணி நேரத்தில் மணல் காணாமல் போயிற்று. மறுபடி ஓட்டினேன். கொஞ்சம் சோகை, மற்றதெல்லாம் நார்மல். அப்பாடா என்று இருந்தது. முதல் எண்களை வழக்கம்போல என் ரஃப் நோட்டில் பென்சிலால் குறித்தேன். இரண்டாவது எண்களை ரிப்போர்ட்டில் ஏற்றினேன். அடியில் எழுதவேண்டிய வரியை எழுதவில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கலக்காததால் உறைந்த கட்டி சூட்டில் கரையாது. எனக்கு அது தெரியும். முதல் வருஷமே சொல்லிக் கொடுத்த பாடம். கரைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் கரைந்தது என்று கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி எப்படி என் மண்டையில் உதிக்காமல் போயிற்று என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

இரண்டு வருஷத்தில் கஸ்தூரி நாலு தடவை வந்தாள். நாலு தடவையும் மணல். அவள் டியூபை மட்டும் பத்து தடவை கவிழ்த்தேன், பன்னிரண்டு தடவை கவிழ்த்தேன். அப்படியும் மணல். எனக்குக் கை போய்விட்டது, வயசாகிவிட்டது என்று நினைத்தேன். மற்றவர்கள் டியூப் எல்லாம் சரியாக இருக்கிறதே என்றும் நினைத்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. தொட்டியில் வைப்பேன், கரையும், நார்மல் என்று ரிப்போர்ட் போகும். அவளுடைய டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார்.

நாலாவது தடவை வந்தபோது ஆள் பாதியாகியிருந்தாள். கடையில் சூப்பர்வைசர், "வெயில்ல நிக்கறப்போ நல்லாத்தானே இருக்கே, வேலைன்னாதான் உனக்கு நோவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். ஒரு டாக்டர் மனசில்தான் வியாதி என்று தூக்க மாத்திரை கொடுத்தாராம். மாமியார் வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போனாராம். புருஷன் சேகர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"நீ குடுக்கற ரிப்போர்ட்ட எல்லாம் அவுரு பீரோவுல வெச்சுகினு கீறாருக்கா. நான் முடியலன்னு படுத்தா போதும், எடுத்தாந்து மூஞ்சிக்கு நேரா காட்டுவாரு. 'இன்னா போட்டுக்கீது பாரு, நார்மல்'னுவாரு. எனக்கே இப்ப சந்தேகமா கீது. நான் நடிக்கிறனா? நடிச்சா எனக்குத் தெரியாம இருக்குமா?" கையை நீட்டியபடியே கேட்டாள். "அக்கா, நீதான எடுக்கற. நெஜமாவே அதுல ஒன்னும் இல்லியா?"

"மெஷின் பொய் சொல்லாது கஸ்தூரி" என்றேன்.

இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்தாவது தடவை அவள் வந்த அன்று ஹாலுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை மெஷின் அறைக்குள் போட்டிருந்தோம். கஸ்தூரிக்குக் கிடைத்தது ஏசிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி. நெரிசலில் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்தது. கையைப் பிடித்தேன். விரல் நுனியெல்லாம் நீலம். நகத்தடியில் கத்தரிப்பூ நிறம். காது மடலும் அப்படியே.

எனக்கு வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "மை கொட்டிக்கிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. விரலைத் தூக்கி என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "இதாங்க்கா. இதத்தான் ரெண்டு வருசமா சொல்லிகினு கீறேன்."

ரத்தம் எடுத்தேன். ஆறாவது தடவை கவிழ்க்கும்போதே கண் முன்னால் மணல் பிடிக்க ஆரம்பித்தது. அவள் விரலைப் பார்த்தேன், டியூபைப் பார்த்தேன். என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர்ந்தால் அந்த ரத்தமே ஒட்டிக்கொள்கிறது. சூடானால் பிரிந்துவிடுகிறது. வெயிலில் நடந்து வந்த ஒவ்வொரு தடவையும் அவள் உடம்பு தடயத்தை அழித்தது. மிச்சமிருந்ததைத் தொட்டியில் வைத்து நான் அழித்தேன்.

டாக்டர் வந்து கை கழுவுகிறவரைகூடப் பொறுக்க முடியவில்லை. டியூபை நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் பார்த்தார். கஸ்தூரியின் விரலையும் பார்த்தார். அவளை வெளியே மாடிப்படியில் வெயில் படும் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இதுக்கு முன்னாடி பாத்திருக்கியோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. வாயில் 'இ' வரைக்கும் வந்தது. "நாலு தடவை, டாக்டர்" என்றேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "எங்கயாவது எழுதி வெச்சிருக்கியா?"

"ரஃப் நோட்ல. பென்சில்ல."

"எடுத்துண்டு வா."

திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். "அன்னிக்கு நான் உன்னை அவா எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கப்படாது" என்றார். தலையை ஆட்டினேனா, அழுதேனா, ஞாபகம் இல்லை.

டாக்டரே போன் செய்து பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த நோய் பார்க்கிற ஒருவரிடம் கஸ்தூரியை அனுப்பினார். பத்து நாளில் உறுதியாகிவிட்டது. குளிரில் தன் ரத்தத்தைத் தானே பிடித்து ஒட்டவைத்து உடைக்கிற ஒரு பொருள் அவள் உடம்பில் ஊறுகிறது. அபூர்வமான வியாதி. முழுசாகப் போகாது, குளிர் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அடிக்கடி பரிசோதனை செய்யவேண்டும். டாக்டர் கோமளா இதைப் பக்குவமாகச் சொல்லி முடித்தார். நான் தண்ணீர் டம்ளரோடு தயாராக நின்றேன்.

"அப்ப நோவு கீதா? நெஜமாவே கீதா?" என்று கஸ்தூரி கேட்டாள். டாக்டர் ஆமாம் என்றதும் வாய் விட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முப்பது வருஷமாக ரிப்போர்ட் கொடுக்கிறேன், வியாதி இருக்கிறது என்றதற்குச் சந்தோஷப்பட்ட ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். நானும் சேர்ந்து சிரிப்பதா, தலையைக் குனிந்துகொள்வதா என்று தெரியாமல் தண்ணீரை நானே குடித்துவிட்டேன்.

அவள் போனபின் டாக்டர் சொன்னார், "பழைய ரிப்போர்ட் நாலையும் திருத்தித் தரணும். நீ பாத்த தேதி போட்டு. முதல்ல எழுதாதது நம்ம தப்புன்னும் போட்டு."

"லேப் பேரு கெட்டுடுமே டாக்டர்."

"கெடட்டும். அதை அவ கையில நீதான் குடுக்கணும், என்னன்னு சொல்லிக் குடுக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார், அருள் நிறைந்த மரியே ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். மனசு லேசாகவில்லை. எந்தப் பாவத்தைச் சொன்னேன் என்பதே எனக்குத் தெளிவில்லை. பொய்யா, பயமா, தலைக்கனமா?

கஸ்தூரி வந்தாள். சேகர் கீழே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான். நாலு தாளையும் கொடுத்தேன். "இந்த நாலு தடவையும் நான் பாத்தேன் கஸ்தூரி. பாத்துட்டு எழுதல. என் கை தப்புன்னு நெனச்சு, திட்டு வாங்கப் பயந்து மறைச்சுட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் தாளில் தேதியைப் பார்த்தாள். "இந்த மாசந்தான் அவுரு என்ன எங்கம்மா வூட்ல கொண்டாந்து உட்டாரு. வேல செய்யாம ஏய்க்கறேன்னு." இரண்டாவது தாள். "இது தங்கச்சி கல்யாணம். வடபழனில ஏசி மண்டபம். ஜமுக்காளத்துல சுருண்டு படுத்துகினேன். திமிருன்னாங்க." மூன்றாவது தாள். "இப்பதான் வேப்பல அடிச்சாங்க. முதுகுல தழும்பு கீது." நாலாவது தாளைப் படிக்காமல் மடித்தாள்.

"அத எனக்குக் காட்டு" என்றாள்.

"எதை?"

"நீ பாத்தத. நாலு வாட்டி பாத்தியே, அத."

மெஷின் அறைக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்து, டியூபை ஐஸ் தண்ணீரில் வைத்துத் தூக்கிக் காட்டினேன். மூக்கு டியூபில் இடிக்கிற மாதிரி கிட்ட வைத்துப் பார்த்தாள். சட்டென்று திரும்பி மாடிப்படிக்கு ஓடினாள். "யோவ், மேல வாய்யா!"

சேகர் வந்தான். டியூபை அவன் கையில் திணித்தாள்.

"இன்னாது இது?"

"என் ரத்தம். பாரு."

சுடுதண்ணீர்த் தொட்டியில் வைத்தோம். மணல் போயிற்று. ஐஸில் வைத்தோம். திரும்ப வந்தது. "இன்னொரு வாட்டி வெய்யி சிஸ்டர்" என்றான். வைத்தேன். அப்புறம் அவனே ஒருமுறை வைத்தான். டியூபை ஸ்டாண்டில் செருகிவிட்டுச் சுவரெல்லாம் தேடினான். என்ன தேடுகிறான் என்று எனக்குப் புரியவில்லை. ஏசி சுவிட்சைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய் நின்றான். அறையில் சூடு ஏறியதும் மெஷின் கூவ ஆரம்பித்தது. டாக்டர் கதவைத் திறந்து பார்த்தார், சாத்திக்கொண்டு போனார்.

போகும்போது கஸ்தூரி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடையில் அவளை வாசல் பக்கம், ஏசி எட்டாத இடத்தில், பை வாங்கி டோக்கன் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். சித்திரை வெயிலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று அப்போதும் நாலு பேர் சிரிக்கத்தான் செய்தார்களாம். இதெல்லாம் டாக்டர் வாயால் தெரிந்துகொண்டேன். கஸ்தூரி வேறு லேபுக்குப் போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் போயிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் படியேறி வந்தாள். எங்களோடு இன்னொரு டெக்னீஷியன் ரேவதி இருந்தாள். அவள் நாற்காலி காலி. நான் தலையைத் தூக்காமல் டியூபில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி ரேவதியைத் தாண்டி வந்து என் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"ரேவதி சும்மாதான் இருக்கா" என்றேன்.

"தெரியும். நீயே எடு."

"என் மேல கோவம் இல்லையா?"

"கீது. நெறைய கீது." கையை எடுக்கவில்லை. "ஆனா எல்லாருக்கும் முந்தி அத பாத்தவ நீதான. இந்த வாட்டி பாத்தா வாயத் தொறந்து சொல்லிடு."